குடியை நாம் பிடித்திருக்கிறோமா, குடி நம்மைப் பிடித்திருக்கிறதா?



சம்பளம் போட்ட மறுநாள் பெரட்டில் எத்தனை பேர் குறைவு என்று மண்டோரைக் கேட்டால் விரல் விட்டுச் சொல்வார். காய்ச்சல், வயிற்றுப் போக்கு, சொந்தக்காரர் வீட்டுச் சாவு என்று காரணம் எழுதப்படும். உண்மைக் காரணம் எல்லோருக்கும் தெரியும். யாரும் வாய் திறப்பதில்லை. இந்த மாதம் சுகாதாரப் பகுதியில் அதைப் பற்றித்தான் பேசப் போகிறோம்.

குடிப்பவரைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. திட்டு வீட்டிலேயே வேண்டிய மட்டும் கிடைக்கிறது. திட்டு வாங்கி நிறுத்தியவர் அதிகம் இல்லை. தன் குடி எந்த நிலையில் இருக்கிறது என்பதைத் தானே கணக்குப் பார்த்து, தொடர்வதா, குறைப்பதா, அடியோடு விடுவதா என்று ஒருவர் முடிவெடுக்க என்னென்ன தெரிந்திருக்க வேண்டுமோ, அதை மட்டும் இங்கே சொல்கிறோம்.

"நானா குடிகாரன்?"

குடிகாரன் என்றால் நம் கண்ணுக்குத் தெரிவது கால்வாய் ஓரத்தில் வேட்டி அவிழ்ந்து கிடப்பவர். அவரோடு ஒப்பிட்டால் நாம் எல்லோரும் யோக்கியர்கள். "நான் என் காசுல குடிக்கிறேன். வேலைக்கு ஒரு நாள் தவறினதில்ல. யாரையும் ஒரு சொல் சொன்னதில்ல. நானா குடிகாரன்?" என்று நெஞ்சை நிமிர்த்திக் கேட்பவர்கள் ஒவ்வொரு லயத்திலும் உண்டு. அவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் ஒப்பிட வேண்டிய ஆள் கால்வாய் ஓரத்தில் கிடப்பவர் அல்ல. ஐந்து வருடத்துக்கு முன்பு நாம் எப்படி இருந்தோமோ, அந்த ஆளோடு ஒப்பிட வேண்டும்.

இன்றைய டாக்டர்கள் "குடிகாரன்" என்ற சொல்லையே விட்டுவிட்டார்கள். சீனி வியாதியில் ஆரம்ப நிலை, முற்றிய நிலை என்று இருப்பது போலக் குடியிலும் படிகள் உண்டு என்பது அவர்கள் கணக்கு. ஒரு படியில், குடியால் உடம்புக்கோ குடும்பத்துக்கோ கெடுதல் வந்துவிட்டது, ஆனால் குடி இல்லாமல் இருக்க உடம்புக்குத் தெரியும். அடுத்த படியில், குடி இல்லாமல் உடம்பு இயங்க மறுக்கிறது. முதல் படியில் இருப்பவர் நிறுத்துவதும் இரண்டாம் படியில் இருப்பவர் நிறுத்துவதும் ஒரே மாதிரி காரியம் அல்ல. அதனால்தான் நாம் எந்தப் படியில் நிற்கிறோம் என்று முதலில் பார்க்க வேண்டும்.

நாலு கேள்வி

அமெரிக்காவில் ஜான் யூவிங் என்ற டாக்டர் 1984-இல் நாலே நாலு கேள்விகளை ஒரு மருத்துவ ஏட்டில் வெளியிட்டார். உலகம் முழுவதும் டாக்டர்கள் இன்னும் அவற்றைப் பயன்படுத்துகிறார்கள். நம் தோட்டத்துப் பேச்சில் சொல்கிறோம். பக்கத்தில் யாரும் இல்லாதபோது உங்களுக்கு நீங்களே பதில் சொல்லிக்கொள்ளுங்கள்.

குடியைக் குறைக்கணும் என்று எப்போதாவது நினைத்திருக்கிறீர்களா? பலர் இதற்கு உடனே தைப்பூசத்தைச் சொல்வார்கள். "பத்துமலைக்கு நேர்ந்துகிட்டா 48 நாளும் தொட மாட்டேன். நினைச்சா நிறுத்த முடியும். எனக்கு என்ன பிரச்சினை?" உண்மைதான். 48 நாள் நடுக்கமில்லாமல் இருக்க முடிந்தால் உங்கள் உடம்பு இன்னும் குடிக்கு அடிமையாகவில்லை. அது நல்ல செய்தி. ஆனால் 49-ஆவது நாள் என்ன நடக்கிறது? படி இறங்கி வந்த அன்று மாலையே, விட்டதற்கெல்லாம் சேர்த்துக் குடிக்கிறோமா? விரத நாள்களை முருகனுக்காக எண்ணினோமா, போத்தலுக்காக எண்ணினோமா? இதை நீங்கள் ஒருவர்தான் சொல்ல முடியும்.

உங்கள் குடியைப் பற்றி யாராவது பேசினால் கோபம் வருகிறதா? மனைவி சம்சு என்று வாயெடுத்தாலே தட்டு பறக்கிறதா? மற்ற எதைச் சொன்னாலும் பொறுத்துக்கொள்ளும் ஆள், இதை மட்டும் சொன்னால் பொறுப்பதில்லை என்றால், அந்த இடத்தில் புண் இருக்கிறது என்று அர்த்தம்.

குடித்த மறுநாள் குற்ற உணர்ச்சி வருகிறதா? பிள்ளை முகத்தைப் பார்க்காமல் வேலைக்குக் கிளம்பியதுண்டா? நேற்று ராத்திரி என்ன பேசினோம் என்று நினைவில்லாமல், மற்றவர் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முயன்றதுண்டா?

நாலாவது கேள்விதான் கனமானது. காலையில் எழுந்ததும் கை நடுக்கம் நிற்பதற்காகவோ, மண்டைக் குத்தல் தீருவதற்காகவோ ஒரு மடக்கு குடித்ததுண்டா?

நாலில் இரண்டுக்கு "ஆமாம்" என்றால் டாக்டரைப் பார்க்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. நாலாவது ஒன்றுக்கு மட்டும் "ஆமாம்" என்றாலும், மற்ற மூன்றையும் பார்க்கத் தேவையில்லை. நீங்கள் இரண்டாம் படியில் நிற்கிறீர்கள். கீழே "நடுக்கம்" என்ற பகுதியைக் கட்டாயம் படியுங்கள், அல்லது படிக்கத் தெரிந்த பிள்ளையைப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

கிளினிக்கில் இன்னொரு தாள் கொடுப்பார்கள். உலக சுகாதார நிறுவனம் 1989-இல் வெளியிட்ட பத்துக் கேள்விகள் அதில் இருக்கும். மொத்தம் 40 புள்ளி. 8 அல்லது அதற்கு மேல் வந்தால் குடி கெடுதல் செய்யும் அளவுக்குப் போய்விட்டது என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

கேள்வித்தாளில் இல்லாத சில அடையாளங்களும் உண்டு. முன்பு ஒரு போத்தலில் ஏறிய போதை இப்போது மூன்று கேட்கிறது. "அவன் எவ்வளவு அடிச்சாலும் நிதானமா நிப்பான்" என்று நாம் பெருமையாகச் சொல்லும் ஆள்தான் உண்மையில் அதிக ஆபத்தில் இருப்பவர். அவர் மூளை அந்த விஷத்துக்குப் பழகிவிட்டது, ஈரல் பழகவில்லை. இன்னொரு அடையாளம் ஒளித்து வைப்பது. குளியலறை ஓட்டிலும் மோட்டார் சைக்கிள் பெட்டியிலும் போத்தல் இருக்கிறது என்றால், யாரிடமிருந்து அது ஒளிக்கப்படுகிறது?

போத்தல் கணக்கு

"நான் சின்ன போத்தல்தான்" என்பார்கள். பேச்சு வேண்டாம், கணக்குப் போடுவோம். 5 சதவீதம் போட்ட 325 மில்லி பீர் டின்னில் ஏறக்குறைய 13 கிராம் சுத்த ஆல்கஹால் இருக்கிறது. லேபலில் 37 சதவீதம் போட்ட சம்சு 150 மில்லி எடுத்தால், அதில் ஏறக்குறைய 44 கிராம். அதாவது உள்ளங்கையில் அடங்கும் அந்தச் சின்ன போத்தல் மூன்றரை டின் பீருக்குச் சமம். அதையும் வெறும் வயிற்றில், ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுகிறோம். கள்ளு இயற்கையானது, குளிர்ச்சி, கெடுதல் இல்லை என்று சொல்பவர்களுக்கும் அதே கணக்குத்தான். 5 சதவீதம் புளித்த கள்ளு 600 மில்லி குடித்தால் 24 கிராம் உள்ளே போகிறது. தென்னையிலிருந்து இறங்கியதா, தொழிற்சாலையிலிருந்து வந்ததா என்று ஈரல் கேட்பதில்லை.

காசுக் கணக்கு இதைவிட எளிது. 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. நாளைக்கு 10 வெள்ளி குடிக்குப் போனால் மாதம் 300. நம் சங்கம் மேசையில் உட்கார்ந்து 50 வெள்ளி உயர்வுக்கு எத்தனை மாதம் வாதாடுகிறது என்பது உங்களுக்குத் தெரியும். அதைப் போல ஆறு மடங்கை நாமே மாதாமாதம் கடைக்காரரிடம் கொடுக்கிறோம். பற்றுப் புத்தகத்தில் வாங்கிக் குடிப்பவர்கள் சம்பள நாளில் கழித்ததை மட்டும் பார்க்கிறார்கள், தினக் கணக்கைப் பார்ப்பதில்லை. ஒரு மாதம் காலண்டரில் எழுதிப் பாருங்கள். எத்தனை, எவ்வளவு காசு, யாரோடு, எதற்காக. நிறுத்த வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். எழுதுங்கள், போதும்.

வலிக்குக் குடிக்கிறேன் என்பவருக்கு

இதை லேசாகத் தள்ளிவிட முடியாது. செம்பனைக் குலை வெட்டுகிறவரின் கழுத்தும் தோளும், நாள் முழுக்கக் குலை தூக்குகிறவரின் இடுப்பும் என்ன பாடு படுகின்றன என்பதை ஆபீசில் உட்கார்ந்திருப்பவர் உணர முடியாது. சாயங்காலம் ஒரு போத்தல் போனால் வலி மறக்கிறது என்பது உண்மை. ஆனால் மறப்பது இரண்டு மூன்று மணி நேரம். தூக்கம் வரும், நடுராத்திரியில் கலையும். போதை இறங்கும்போது உடம்பு விழித்துக்கொள்ளும், வேர்க்கும், நெஞ்சு படபடக்கும். அரைத் தூக்கத்தோடு விடியற்காலை பெரட்டுக்குப் போனால் அன்றைய வலி நேற்றையதைவிட அதிகம். சாயங்காலம் மறுபடியும் போத்தல். இந்தச் சுற்று இப்படித்தான் இறுகுகிறது. வலி இருந்தால் அதற்கு மருந்து கேட்டு வாங்குங்கள். தொடர்ந்து அதிகம் குடிப்பவர்கள் பனடோல் மாத்திரையைக் கூடத் தன்னிஷ்டத்துக்கு விழுங்கக் கூடாது. இரண்டும் சேர்ந்தால் ஈரலுக்கு ஆபத்து.

மருந்தடிக்கிற வேலையில் இருப்பவர்களில், உடம்பில் ஏறிய விஷத்தைக் கள்ளு முறிக்கும் என்று நம்புகிறவர்கள் உண்டு. முறிக்காது. வந்த விஷத்தை வெளியேற்றும் வேலையும் ஈரலுடையது, குடித்த சாராயத்தைக் கழிக்கும் வேலையும் அதே ஈரலுடையது. ஒரே கூலிக்கு இரண்டு ஆள் வேலை கொடுத்தால் நாம் சங்கத்துக்கு ஓடுவோம். ஈரல் எங்கே போய் முறையிடும்?

சீனி வியாதிக்காரர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. நம் மக்களிடையே இந்த வியாதி அதிகம். ஊசி போட்டுக்கொண்டோ, மாத்திரை போட்டுக்கொண்டோ, சாப்பிடாமல் குடித்தால் சீனி திடீரென்று இறங்கி மயக்கம் வரும். பார்ப்பவர்கள் "போதையில் கிடக்கிறான்" என்று விட்டுவிடுவார்கள். அப்படி விடப்பட்டவர் விடியும்வரை உயிரோடு இருப்பார் என்று சொல்ல முடியாது.

ஈரல் கெடுவது வெளியே தெரியாது. அதற்கு வலி கிடையாது. கண் மஞ்சளாகி, கால் வீங்கி, வயிற்றில் நீர் கோத்து, இரத்த வாந்தி எடுக்கும் போதுதான் தெரியும். அதற்குள் பாதிக்கு மேல் போயிருக்கும். பாதங்களில் எரிச்சல், மரத்துப் போதல், மறதி ஆகியவை பி-1 என்ற வைட்டமின் குறைவினாலும் வரலாம். குடிப்பவர் சோற்றைக் குறைத்துவிடுவதால் அது அடிக்கடி ஏற்படுகிறது. மது புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி மையம் 1988-இலேயே அறிவித்துவிட்டது. வாய், தொண்டை, உணவுக்குழாய், ஈரல், குடல், பெண்களுக்கு மார்பகம் ஆகியவை அதில் அடங்கும். இந்த அளவு வரை ஆபத்தே இல்லை என்று சொல்லக்கூடிய அளவு எதுவும் கிடையாது என்று அதே நிறுவனம் 2023-இல் மீண்டும் கூறியது. கர்ப்பமாக இருக்கும் பெண்கள் ஒரு சொட்டும் தொடக் கூடாது. கள்ளும் சேர்த்தியே.

மலிவாகக் கிடைப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2018 செப்டம்பரில் நம் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் மெத்தனால் கலந்த மதுவைக் குடித்து முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பலர் வெளிநாட்டிலிருந்து பிழைக்க வந்த தொழிலாளர்கள். 2024 ஜூனில் தமிழ்நாட்டில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டவர்களை அதே விஷம் கொண்டுபோனது. மெத்தனால் குடித்தவுடன் தெரியாது. பல மணி நேரம் கழித்து வாந்தி, வயிற்று வலி, மூச்சு வாங்குதல், கண் மங்குதல் என்று வரும். பனி மூடியது போலப் பார்வை மங்கினால் "தூங்கினால் சரியாகிவிடும்" என்று படுக்காதீர்கள். அந்த நிமிடமே ஆஸ்பத்திரி. கூடக் குடித்தவர்களையும் எழுப்பி அழைத்துப் போங்கள்.

குறைப்பதா, விடுவதா?

எழுதிய காலண்டரை மாதக் கடைசியில் எடுத்துப் பாருங்கள். கைநடுக்கம் இல்லை, ஈரல் கோளாறு இல்லை, வாரம் ஒன்றிரண்டு நாள்தான் என்பவர் குறைத்துப் பார்க்கலாம். எத்தனை என்று முன்கூட்டியே முடிவு செய்து, சாப்பிட்ட பிறகு, அந்த அளவுக்கான காசை மட்டும் பையில் வைத்துக்கொண்டு போக வேண்டும். மூன்று மாதம் சொன்ன அளவில் நிற்க முடிந்தால் சரி. ஒவ்வொரு முறையும் அளவு தாண்டுகிறது என்றால், உங்களுக்குக் குறைப்பது என்ற வழி கிடையாது. எங்கள் கருத்து இதுதான். குறைக்கிறேன் குறைக்கிறேன் என்று பத்து வருடம் ஓட்டியவர்களுக்கு, அடியோடு விடுவதே குறைப்பதைவிட எளிதாக இருக்கிறது. ஒன்றா இரண்டா என்று தினமும் தனக்குத்தானே பேரம் பேசும் வேலை மிச்சம்.

ஈரல் நோய், வலிப்பு, மனநோய் மாத்திரை, மோசமான சீனி வியாதி இருப்பவர்களுக்கும், காலையில் குடித்தால்தான் கை நிற்கும் என்பவர்களுக்கும் பேரமே இல்லை, விட வேண்டும். ஆனால் இவர்கள் விட வேண்டிய முறை வேறு.

நடுக்கம்

இந்தப் பகுதியை இரண்டு முறை படியுங்கள். தினமும் அதிகமாகப் பல வருடம் குடித்தவர், வீம்பாக ஒரே நாளில் வீட்டிலேயே நிறுத்தினால் உயிருக்கு ஆபத்து. கஞ்சாவோ சிகரெட்டோ விட்டால் அவஸ்தை இருக்கும், ஆள் சாக மாட்டார். சாராயம் அப்படி அல்ல.

காரணம் இதுதான். சாராயம் மூளையை அமுக்கி வைக்கிறது. அதை எதிர்த்து மூளை வருடக் கணக்காகத் தன் வேகத்தைக் கூட்டி வைத்திருக்கிறது. அமுக்கிய கையைத் திடீரென்று எடுத்தால், கூட்டி வைத்த வேகம் மொத்தமும் ஒரேயடியாகக் கிளம்புகிறது. கடைசிக் குடி முடிந்து ஆறு மணி நேரத்துக்குப் பிறகு நடுக்கம், வேர்வை, வாந்தி, தூக்கமின்மை. முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாள் முதல் நாலாம் நாள் வரை சிலருக்குப் புத்தி தடுமாறும். இல்லாத ஆளோடு பேசுவார், சுவரில் பூச்சி ஓடுகிறது என்பார், காய்ச்சல் அடிக்கும், கட்டிலை விட்டு ஓடுவார். இதைப் பேய் பிடித்தது என்று பூசாரியிடம் கொண்டுபோகிறவர்களை நாம் பார்த்திருக்கிறோம். அது பேய் அல்ல, சிகிச்சை செய்யாவிட்டால் கொல்லக்கூடிய நோய். ஆஸ்பத்திரியில் டயாசெபாம் போன்ற மருந்தை முதலில் அதிகமாகவும் பிறகு நாளுக்கு நாள் குறைத்தும் கொடுத்து, பி-1 ஊசியும் போட்டால், பெரும்பாலோர் ஒரு வாரத்தில் அந்தக் கண்டத்தைத் தாண்டிவிடுகிறார்கள்.

ஆகவே தாய்மார்களே, காலையில் கை நடுங்கும் நிலையில் இருப்பவரின் போத்தலைக் கோபத்தில் கொட்டிவிட்டு அறையில் பூட்டி வைக்காதீர்கள். நல்லது செய்வதாக நினைத்துத்தான் செய்கிறீர்கள். ஆனால் முதலில் டாக்டர், அப்புறம்தான் போத்தல். அதே போல, சாப்பாட்டில் தெரியாமல் கலந்து கொடுக்கும் பொடியை வாங்காதீர்கள். குடித்தால் உடம்பை அலைக்கழிக்கும் டைசல்பிரம் என்ற மருந்து ஒன்று உண்டு. அது குடிப்பவர் தெரிந்து, சம்மதித்து, டாக்டர் சொல்லிச் சாப்பிட வேண்டியது. தெரியாமல் கொடுத்து அதன் மேல் அவர் சம்சு குடித்தால், இரத்த அழுத்தம் விழுந்து மூச்சு நின்றுவிடலாம்.

எங்கே போவது?

பெரிய தோட்டத்தில் இருப்பவர்கள் முதலில் தோட்ட டிரஸரிடம் சொல்லலாம். மேரு, காப்பார், கிள்ளான் பக்கம் இருப்பவர்கள் அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் பெயர் பதியலாம். குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான் கட்டணம். அங்கிருந்து தேவைப்பட்டால் கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனைக்குக் கடிதம் கொடுப்பார்கள். வலிப்போ புத்தித் தடுமாற்றமோ வந்துவிட்டால் கடிதத்துக்குக் காத்திராமல் நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

மலாய்க்கார மிஸ்ஸியிடம் சாராயத்தைப் பற்றி எப்படி வாயைத் திறப்பது என்று பலர் கூசுகிறார்கள். வயிற்று வலி என்று பொய் சொல்லி மருந்து வாங்கிக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். "சாயா நாக் பெர்ஹெந்தி மினும் அராக், தாங்ஙான் மெங்கிகில்" என்று சொல்லுங்கள், போதும். குடியை நிறுத்த விரும்புகிறேன், கை நடுங்குகிறது என்று அர்த்தம். அவர்கள் நோயாளியைப் பார்த்துப் பழகியவர்கள். அளவு கேட்டால் பாதியாகக் குறைத்துச் சொல்லாதீர்கள். அந்த அளவை வைத்துத்தான் மருந்தின் அளவை முடிவு செய்கிறார்கள்.

"லீவு கிடைக்காது, சம்பளம் போயிடும்" என்பது அடுத்த தடை. 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டியிருந்தால் வருடத்துக்கு 60 நாள் வரை சம்பளத்தோடு லீவு உண்டு. சாதாரண மருத்துவ லீவு, வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகாதவர்களுக்கு 14 நாள், இரண்டிலிருந்து ஐந்து வருடத்துக்குள் 18 நாள், அதற்கு மேல் 22 நாள். டாக்டர் சர்டிபிகேட் வேண்டும், நிர்வாகத்துக்கு 48 மணி நேரத்துக்குள் தகவல் சொல்ல வேண்டும். இதில் தகராறு வந்தால் தோட்டக் கமிட்டியிடம் வாருங்கள். எந்த நோய்க்காகப் போனீர்கள் என்று கமிட்டி ஊரெல்லாம் சொல்லாது. சொல்லக் கூடாது என்பதைக் கமிட்டித் தோழர்களுக்கும் இங்கே நினைவுபடுத்துகிறோம்.

கண்டம் தாண்டிய பிறகு ஆசையைக் குறைக்க நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட் போன்ற மருந்துகள் உண்டு. உங்களுக்கு ஏற்றதா என்று டாக்டரைக் கேளுங்கள். மருந்தைவிடப் பலருக்கு உதவுவது பேச ஆள் கிடைப்பது. 1935-இல் அமெரிக்காவில் அக்ரன் என்ற ஊரில் ஒரு பங்குத் தரகரும் ஒரு டாக்டரும், இருவருமே குடியில் சீரழிந்தவர்கள், ஒருவருக்கொருவர் பேசிக்கொண்டே குடிக்காமல் இருந்து பார்த்தார்கள். அதிலிருந்து வளர்ந்ததுதான் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். பெயர் கேட்க மாட்டார்கள், காசு வாங்க மாட்டார்கள். நம் நாட்டிலும் கூட்டங்கள் நடக்கின்றன. மனம் உடைந்து பேச ஆள் இல்லாவிட்டால் சுகாதார அமைச்சின் 15555 என்ற எண் உண்டு.

வீட்டில் இருப்பவர்களுக்கு

சென்னையில் சாந்தி ரங்கநாதன் என்ற அம்மையார் 1979-இல் தம் கணவரைக் குடியால் இழந்தார். வசதியான குடும்பம். வசதி காப்பாற்றவில்லை. அடுத்த வருடமே, 1980-இல், கணவர் பெயரிலேயே குடிநோய் சிகிச்சை நிலையம் ஒன்றைத் தொடங்கினார். டி.டி.கே. மருத்துவமனை என்று இன்று எல்லோரும் அறிவார்கள். குடிப்பவருக்கு மட்டுமல்லாமல் அவர் மனைவிக்கும் குடும்பத்துக்கும் சேர்த்துச் சிகிச்சை தருவது அங்கே வழக்கம். மனைவிக்கு ஏன் சிகிச்சை என்று நம் ஆட்கள் கேட்பார்கள். பத்து வருடம் கதவுச் சத்தத்துக்குப் பயந்து காத்திருந்தவரின் உடம்பும் மனசும் என்ன நிலையில் இருக்கும் என்று அவர்கள் யோசித்ததில்லை.

போதையில் இருக்கும்போது வாதாடாதீர்கள். மறுநாள் காலை, தலை தெளிந்த பிறகு, பிள்ளைகள் இல்லாத நேரத்தில், நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். "என்னங்க, நேத்து ராத்திரி பாப்பா உங்கள பாத்து கட்டிலுக்கு அடியில போயிடுச்சி" என்ற ஒரு வரி, ஒரு மணி நேரத் திட்டைவிட உள்ளே போகும். அவருக்காக மண்டோரிடம் பொய் சொல்வதையும், கடைப் பற்றை நீங்கள் அடைப்பதையும் நிறுத்திப் பாருங்கள். நாம் மூடி மறைக்கும் வரை அவருக்குக் கணக்குத் தெரியாது.

அடி விழுந்தால் பேச்சு வேறு. குடிபோதையில் அடித்தார் என்பது மன்னிப்பு ஆகாது. 1994-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டம் உங்களுக்காக இருக்கிறது. 15999 தாலியான் காசே எண்ணுக்குக் கூப்பிடலாம், போலீசில் புகார் செய்யலாம், அரசாங்க ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில் காயத்தைப் பதிவு செய்யலாம். அவர் திருந்துவதற்காக நீங்கள் அடி வாங்கிக்கொண்டு காத்திருக்க வேண்டியதில்லை.

கள்ளுக்கடையை மூடச் சொன்னவர்கள்

இது சுகாதாரப் பகுதிதான். ஆனால் ஒரு செய்தியைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. 1941-இல் இதே கிள்ளான் வட்டாரத்துத் தோட்டங்களில் ஆயிரக்கணக்கான தமிழ்த் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் ஆர்.எச். நாதன் முன்னின்றார். சம்பள உயர்வு, பிள்ளைகளுக்குப் படிப்பு, நல்ல வைத்தியம், பெண்களிடம் முறைகேடாக நடக்காமை, துரை எதிரே சைக்கிளில் போகும் உரிமை ஆகியவற்றோடு, தோட்டத்துக் கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் அவர்கள் கோரிக்கை. நாதனைக் கைது செய்து நாடு கடத்தினார்கள். படையை இறக்கினார்கள், துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் மாண்டார்கள். போருக்குப் பின் 1946, 47-இல் கெடாவில் ஏ.எம். சாமியின் தொண்டர் படை கள்ளுக்கடை வாசலில் மறியல் செய்தது, பீடோங்கில் அதற்கும் உயிர் பலியானது.

அவர்கள் ஒழுக்கப் பிரசங்கம் செய்ய வரவில்லை. கொடுத்த கூலி வாரக் கடைசியில் தோட்ட வாசலிலேயே திரும்பப் பிடுங்கப்படுகிறது என்று கண்டார்கள். இன்று தோட்டங்கள் பல வீடமைப்புத் தாமான்களாகிவிட்டன. கள்ளுக்கடை போய், தெருமுனை மளிகைக் கடையின் பின் அலமாரியில் போத்தல் இருக்கிறது. 2017 டிசம்பரிலிருந்து 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு மது விற்கக் கூடாது என்பது சட்டம். உங்கள் பக்கத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கு விற்கும் கடை இருந்தால் கிளைக் கூட்டத்தில் சொல்லுங்கள், சுகாதார இலாகாவுக்கு எழுதுவோம்.

வழுக்கினால்?

மூணு மாதம் சுத்தமாக இருந்தவர் தீபாவளியன்று ஒரு கிளாஸ் எடுத்தார். "எல்லாம் போச்சு, இனி என்ன" என்று முழுப் போத்தலையும் முடித்தார். இந்தக் கதை நமக்குப் பழகியது. போனது ஒரு நாள், மூணு மாதம் அல்ல. நிறுத்தியவர்களில் பலர் இரண்டு மூன்று முறை வழுக்கித்தான் நின்றிருக்கிறார்கள். எந்த நாள், யார் கூப்பிட்டது, பசியா, கோபமா, தனிமையா என்று பார்த்து, அடுத்த முறை அந்த இடத்தைச் சுற்றிப் போங்கள். சம்பள நாள் ஆபத்தான நாள் என்றால் அன்று மனைவியோ மகனோ உடன் வரட்டும். நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். விட்டவரை "ஒண்ணே ஒண்ணு, எனக்காக" என்று இழுக்காதீர்கள். ஆனால் மறுபடியும் பல வாரம் தினமும் குடிக்கும் நிலைக்குப் போய்விட்டால், முதல் தடவை வீட்டில் நிறுத்தினோமே என்று இந்தத் தடவையும் தனியாக நிறுத்தப் பார்க்காதீர்கள். ஒவ்வொரு தடவையும் நடுக்கமும் வலிப்பும் முன்னைவிடக் கடுமையாக வரலாம். மறுபடியும் கிளினிக்.

கிளினிக்குக்குப் போகும்போது அடையாளக் கார்டு, நீங்கள் சாப்பிடும் மற்ற மாத்திரைகள், எழுதி வைத்த காலண்டர் ஆகியவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். கடைசியாகக் குடித்தது எந்த நாள், எத்தனை மணிக்கு, எவ்வளவு என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். மோட்டார் சைக்கிளில் நீங்களே ஓட்டிப் போக வேண்டாம், யாரையாவது கூட்டிப் போங்கள்.

(அடுத்த மாதம்: சீனி வியாதியும் ஆறாத கால் புண்ணும்)